சபை மண்டபத்தில் போர்ப் படம்: தவிர்ப்பதா, வெட்டுவதா, முழுதாகக் காட்டுவதா?

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சிலிம் ரீவருக்கு வடக்கே, துரோலாக் பக்கமிருந்து வரும் பழைய ரோட்டில்தான் 1942 ஜனவரி 7 விடியற்காலையில் சுமார் 30 ஜப்பானிய டாங்கிகள் ஒன்றன்பின் ஒன்றாக இறங்கி வந்தன. ரோட்டின் இரண்டு பக்கமும் காடும் ரப்பர்த் தோட்டமும். பிரிட்டிஷாருக்காகப் போரிட்ட 11-வது இந்தியப் படைப்பிரிவு அந்த ஒரே காலையில் சிதறிப்போனது. நான்கு நாள் கழித்து, 11-ஆம் தேதி, கோலாலம்பூரும் விழுந்தது. பால்மரம் நின்ற இடமெல்லாம் இன்று செம்பனை. அந்த ரோட்டோரத்துச் சபைகளில் இப்போது வாலிபர் ஐக்கியம் "சரித்திரப் போர்ப் படம் ஒன்று போடலாமா போதகர்?" என்று கேட்கிறது. மூப்பர்களில் பாதிப்பேர் "ஆலயத்துக்குள்ள இரத்தமா?" என்கிறார்கள். இரண்டு பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. ஆகவே முடிவெடுக்க வேண்டியவர்களுக்கு உதவும்படி, இருக்கிற வழிகளையும் சில படங்களையும் இங்கே ஒப்பிட்டுப் பார்க்கிறோம்.

முதலில் ஒரு சிக்கலை அவிழ்க்க வேண்டும். "போர் பாவமா?" என்பது ஒரு கேள்வி. "போரைத் திரையில் பார்ப்பது பாவமா?" என்பது இன்னொன்று. கூட்டங்களில் சண்டை வருவதற்குக் காரணம், ஒருவர் முதல் கேள்விக்குப் பதில் சொல்ல, மற்றவர் அதை இரண்டாவது கேள்விக்கான பதிலாக எடுத்துக்கொள்வதுதான்.

முதல் கேள்வியில் திருச்சபைகளே ஒத்துப்போவதில்லை. மெனோனைட், குவேக்கர் மரபினர் ஆயுதமே தொடமாட்டார்கள். அட்வென்டிஸ்ட் மரபில் துப்பாக்கி ஏந்தாமல் மருத்துவப் பணியில் சேர்வது வழக்கம். கத்தோலிக்கர், லுத்தரன், ஆங்கிலிக்கன், மெத்தடிஸ்ட் மரபுகள் பெரும்பாலும் இறையியலாளர்களான அகுஸ்தீனும் அக்குவினாஸும் வகுத்த நியாயமான போர் என்ற எண்ணத்தைத் தழுவியவை. அக்குவினாஸ் அதற்கு மூன்று நிபந்தனை வைத்தார்: அதிகாரமுள்ளவர் தொடுக்க வேண்டும், காரணம் நியாயமாயிருக்க வேண்டும், நோக்கம் நேர்மையாயிருக்க வேண்டும். "கொலை செய்யாதிருப்பாயாக" என்ற கட்டளையின் எண்கூட எல்லோருக்கும் ஒன்றல்ல. மெத்தடிஸ்டுக்கும் ஆங்கிலிக்கனுக்கும் அது ஆறாவது. கத்தோலிக்கருக்கும் லுத்தரனுக்கும் ஐந்தாவது. தோட்டத்துப் பட்டணத்தில் இரண்டு மூன்று சபைப் பிள்ளைகள் சேர்ந்து உட்காருவது சகஜம். அங்கே "ஆறாம் கட்டளை" என்று ஆரம்பித்தால் கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கு விபசாரக் கட்டளைதான் ஞாபகம் வரும். எண்ணைச் சொல்லாமல் யாத்திராகமம் 20:13 என்று சொல்லுங்கள். கத்தோலிக்கத் தமிழ் வேதாகமத்தில் அதற்கு விடுதலைப் பயணம் என்று பெயர் என்பதையும் கூடவே சொல்லிவிடுங்கள்.

இரண்டாவது கேள்விதான் நம் காரியம். மறுக்கிறவர்கள் எடுக்கும் வசனம் சங்கீதம் 101:3: "தீங்கான காரியத்தை என் கண்முன் வைக்கமாட்டேன்." அனுமதிக்கிறவர்கள் நியாயாதிபதிகள் 19-ஐயும், தாவீது உரியாவைப் போர்முனைக்கு அனுப்பிக் கொல்லவைத்த 2 சாமுவேல் 11-ஐயும் காட்டுவார்கள், வேதமே கொடுமையை மறைக்கவில்லையே என்பார்கள். பிலிப்பியர் 4:8-ஐ இரண்டு தரப்பும் எடுப்பது உண்டு. "கற்புள்ளவைகளெவைகளோ" என்பதை ஒருவர் அழுத்துவார். ஆனால் அந்தப் பட்டியல் தொடங்குவதே "உண்மையுள்ளவைகளெவைகளோ" என்றுதான். பொய்யாகச் சுத்தப்படுத்திய போர் அந்த முதல் வார்த்தையிலேயே தோற்றுப்போகும்.

எங்கள் பார்வையில், இந்த விஷயத்துக்கு எல்லாவற்றிலும் பொருத்தமான வசனம் சங்கீதம் 11:5. "துன்மார்க்கனையும் கொடுமையில் பிரியமுள்ளவனையும் அவருடைய உள்ளம் வெறுக்கிறது." கொடுமையைக் கண்டவனைப் பற்றி அங்கே பேச்சில்லை. பிரியம் வைத்தவனைப் பற்றித்தான் பேச்சு. அந்தப் பிரியம் எப்படி உள்ளே வருகிறது என்பதை அகுஸ்தீன் தம் 'அறிக்கைகள்' (Confessions) நூலின் ஆறாம் புத்தகத்தில் எழுதியிருக்கிறார். அவருடைய நண்பர் அலிப்பியுஸை ரோமாபுரியில் கூட்டாளிகள் வாள்வீரர் சண்டை நடக்கும் அரங்குக்கு இழுத்துப்போகிறார்கள். அவர் கண்ணை இறுக மூடிக்கொண்டு உட்காருகிறார். ஒரு வீரன் விழுந்ததும் கூட்டம் ஓவென்று கத்துகிறது. அந்தச் சத்தம் கேட்டுத்தான் அவர் கண்ணைத் திறந்தார். பிறகு மூட முடியவில்லை. அடுத்த முறை அவரே மற்றவர்களைக் கூட்டிக்கொண்டு வந்தார். அவர் கண்ணைத் திறந்தது இரத்தம் அல்ல, கூட்டத்தின் ஆரவாரம். நாற்பது வாலிபர் சேர்ந்து உட்காரும் மண்டபத்துக்கு இது அப்படியே பொருந்தும்.

ஆகவே ஒரு படத்தை எடைபோடும்போது எத்தனை பேர் செத்தார்கள் என்று எண்ண வேண்டாம். எந்த இடத்தில் மண்டபம் கைதட்டும் என்று பாருங்கள்.

இருக்கிற வழிகள்

போர்ப் படமே வேண்டாம் என்று முடிவெடுப்பது முதல் வழி. ஞாயிறு பள்ளி வயதுப் பிள்ளைகளுக்கு இதுவே சரி, அதில் விவாதத்துக்கு இடமில்லை. வாலிபர்களைப் பொறுத்தவரை இதில் ஒரு ஓட்டை உண்டு. சபை காட்டாவிட்டாலும் கைப்பேசியில் அவர்கள் பார்க்கத்தான் செய்கிறார்கள், அதுவும் சண்டைத் துண்டுகளை மட்டும், முன்னும் பின்னும் இல்லாமல். போர்முனையின் பதினைந்து நிமிடத்தை மட்டும் பார்த்த பையனுக்கு, அந்தப் படம் முழுவதும் எதற்காக அழுகிறது என்று தெரியவே தெரியாது.

கோரமான இடங்களை வெட்டிக் காட்டுவது இரண்டாவது வழி. கேட்க நல்ல யோசனைபோல இருக்கும். நடைமுறையில் இதுதான் அதிகம் சொதப்பும். வேகமாக ஓட்டும்போது திரையில் ஆட்கள் துள்ளித் துள்ளி விழுவார்கள், பிள்ளைகள் சிரித்துவிடுவார்கள். சாவைப் பார்த்துச் சிரிக்கவைப்பது எந்தச் சபையின் நோக்கமும் அல்ல. இன்னொன்றும் உண்டு. வலியை வெட்டிவிட்டால் மிஞ்சுவது வெற்றி மட்டும்தான். குண்டு விழுகிறது, கொடி ஏறுகிறது, நடுவே கால் போனவனின் அலறல் இல்லை. கிறிஸ்தவ ஒழுக்கத்துக்கு அந்தப் படம் முழுப் படத்தைவிடப் பகை.

மூன்றாவது வழி, படத்தை முழுதாகக் காட்டி, பார்க்கிறவர்களை வயதுப்படி பிரிப்பது. எங்கள் தேர்வு இதுவே. காட்சியில் கை வைக்காதீர்கள், வாசலில் வரம்பு வையுங்கள். இதற்கு உழைப்பு வேண்டும். அதைக் கீழே சொல்கிறோம்.

நான்காவது வழி படமே இல்லாமல் ஊர்ச் சரித்திரத்தை உட்கார்ந்து பேசுவது. செலவில்லாதது, ஆழமானது. ஆனால் பேசத் தெரிந்தவர்கள் இருந்தால்தான் நடக்கும். ஜப்பானிய ஆக்கிரமிப்புக் காலத்தைக் கண்ணால் கண்டவர்கள் மிகச் சிலரே மிஞ்சியிருக்கிறார்கள்.

படங்களை ஒப்பிட்டால்

வாலிபர்கள் முதலில் கேட்பது பெரும்பாலும் 2016-இல் வந்த, மெல் கிப்சன் இயக்கிய 'ஹேக்சா ரிட்ஜ்'. 139 நிமிடம். துப்பாக்கியைத் தொடமாட்டேன் என்று நின்ற அட்வென்டிஸ்ட் மருத்துவச் சிப்பாய் டெஸ்மண்ட் டாஸின் உண்மைக் கதை. 1945 மே மாதம் ஒக்கினாவாவில் ஒரு செங்குத்து மேட்டின்மேல் விழுந்துகிடந்த காயக்காரர்களைக் கயிறு கட்டி ஒவ்வொருவராக இறக்கினார். எழுபத்தைந்து பேர் என்பது பதிவு. அந்த எண் வந்த விதமே அவருடைய குணத்தைச் சொல்லும்: ஐம்பது இருக்கும் என்றார் அவர், நூறு என்றார்கள் கூட இருந்தவர்கள், நடுவில் 75 என்று எழுதினார்கள். "ஆண்டவரே, இன்னும் ஒருவரைக் காப்பாற்ற உதவும்" என்பதே அவர் ஜெபம்.

இந்தப் படம் சபைக்கு ஏற்றது என்று பலரும் கண்ணை மூடிக்கொண்டு சொல்வார்கள். கொஞ்சம் நிதானிக்க வேண்டும். ஆரம்பத்தில் சில நொடிப் போர்க்காட்சியோடு ஏசாயா 40 ஒலிக்கிறது. பிறகு ஒரு மணி நேரத்துக்குமேல் குடும்பம், காதல், பயிற்சி முகாம், இராணுவ விசாரணை. அதன்பின் வரும் போர் மிகக் கடுமையானது: எரிகிற உடல்கள், குடல், எலி. அதற்குள் ஒரு கணம். சக சிப்பாய் ஒருவன் பாதி உடலாகக் கிடக்கும் பிணத்தைத் தூக்கிக் கேடயமாகப் பிடித்துக்கொண்டு சுட்டபடியே பாய்கிறான். துப்பாக்கி தொடாதவனைப் பற்றிய படத்தில், கைதட்டல் அந்தத் துப்பாக்கிக்கு விழும் இடம் அதுதான். சங்கீதம் 11:5-ஐ அன்றைய பேச்சில் எடுக்க வேண்டியது அந்தக் கணத்துக்காக. டாஸ் சுரங்கத்துக்குள் காயப்பட்ட ஜப்பானியன் ஒருவனுக்கு மருந்து போடும் காட்சியும் இருக்கிறது. அது சத்தமில்லாமல் கடந்துபோகும், கேட்டால் பாதிப்பேருக்கு ஞாபகமிருக்காது. சரித்திரத்திலும் குறை உண்டு. ஒக்கினாவாவுக்கு முன்பே குவாமிலும் லெய்ட்டேயிலும் அவர் சேவை செய்ததைப் படம் விட்டுவிட்டது. அங்கேயும் துணிந்து நின்றவர்தான் என்று சொல்லிக்கொடுங்கள். எங்கள் முடிவு: 17 வயதுக்கு மேல், பேச்சு கட்டாயம்.

1998-இல் வந்த 'சேவிங் பிரைவேட் ரயன்' 169 நிமிடம். நார்மண்டிக் கடற்கரையில் 1944 ஜூன் 6 தரையிறங்கிய காட்சி இருபது நிமிடத்துக்கு மேல் நீளும், மறக்கவே முடியாது. கிறிஸ்தவர்கள் கவனிக்க வேண்டிய ஆள் அதில் வரும் குறிவீரன். குறிபார்க்கும்போது சங்கீத வசனம் சொல்லிச் சுடுகிறான். "என் கைகளைப் போருக்கும் என் விரல்களை யுத்தத்திற்கும் படிப்பிக்கிற" என்ற 144-ஆம் சங்கீதமும் அதில் உண்டு. கடைசியில் மணிக்கூண்டில் நின்று சுடுகிறான். இதைப் பக்தி என்று ஏற்பதா, வசனத்தைக் கருவியாக்குவது என்று தள்ளுவதா? படம் பதில் சொல்லாது. கையைத் தூக்கிச் சரணடையும் இரண்டு பேரை அமெரிக்கர்கள் சுட்டுவிட்டு நக்கலடிக்கும் காட்சியும் உண்டு. அந்த இருவரும் பேசுவது செக் மொழி, ஜெர்மன் அல்ல. பேச்சுக்கு அருமையான படம், சபை மண்டபத்துக்குக் கனமானது. முதிர்ந்தவர்கள் வீட்டில் சிறு குழுவாகப் பார்க்கலாம்.

இரத்தம் வேண்டவே வேண்டாம் என்கிற மூப்பர்களுக்கு 2019-இல் வந்த 'எ ஹிடன் லைஃப்' இருக்கிறது. ஹிட்லருக்கு விசுவாசமாயிருப்பேன் என்று சத்தியம் செய்ய மறுத்த ஆஸ்திரிய விவசாயி ஃபிரான்ஸ் ஜாகர்ஸ்டேட்டர், 1943 ஆகஸ்ட் 9 அன்று கொல்லப்பட்டார். கத்தோலிக்கத் திருச்சபை 2007-இல் அவரை முத்திப்பேறு பெற்றவராக (புனிதர் பட்டத்துக்கு முந்திய நிலை) அறிவித்தது. போர்முனைச் சண்டை கிடையாது. அவரை உடைத்தது குண்டு அல்ல, ஊர். பக்கத்து வீட்டார் மனைவி பிள்ளைகளோடு பேசுவதை நிறுத்துகிறார்கள், ஆயரே பணிந்துபோகச் சொல்கிறார். லயத்தில் ஒரு குடும்பத்தை ஊரே ஒதுக்கிவைத்ததைப் பார்த்திருக்கிறவர்களுக்கு இது உடனே புரியும். சிக்கல் நீளம்தான், 174 நிமிடம், நிதானமான ஓட்டம். ஒரே மூச்சில் போட்டால் பின் வரிசை கைப்பேசியை எடுத்துவிடும். அவர் ஊரைவிட்டுப் போகும் இடத்தில் நிறுத்தி, மீதியை அடுத்த வாரம் வையுங்கள்.

நம் ஊருக்கு மிக அருகே வருவது 2013-இல் வந்த 'த ரயில்வே மேன்'. சிங்கப்பூரில் பிடிபட்ட பிரிட்டிஷ் அதிகாரி எரிக் லோமாக்ஸ், ஜப்பானியர் சயாமிலிருந்து (இன்றைய தாய்லாந்து) பர்மாவுக்குப் போட்ட ரயில் பாதையில் வேலை செய்யவைக்கப்பட்டு, வானொலி ஒன்றைச் செய்ததற்காகச் சித்திரவதைப்பட்டார். பல பத்தாண்டுக்குப் பின் அந்த விசாரணையில் மொழிபெயர்ப்பாளராக நின்ற நகாசேயை நேரில் கண்டு மன்னித்தார். 116 நிமிடம். தண்ணீரை வாயில் ஊற்றும் சித்திரவதைக் காட்சி நீளமில்லை, ஆனால் மூச்சை அடைக்கும். அதைச் சொல்லாமல் யாரையும் உட்காரவைக்காதீர்கள். படத்தில் லோமாக்ஸ் சொல்லாமல் கொள்ளாமல் போய் நகாசேயை மடக்குகிறார். உண்மையில் முதலில் கடிதம் எழுதிய பிறகே சந்திப்பு நடந்தது. மத்தேயு 18-இல் வரும் "ஏழெழுபதுதரம்" பற்றிப் பேசப்போகிறீர்கள் என்றால் அந்தக் கடிதங்கள் முக்கியம். மன்னிப்பு ஒரு நொடியில் வெடிக்கவில்லை, தபாலில் மெதுவாக வந்தது.

ஆனால் இந்தப் படத்தில் நம்மவர்கள் எங்கே? 415 கிலோமீட்டர் பாதை அது, 1943 அக்டோபரில் முடிந்தது. அறுபதாயிரத்துக்கு மேற்பட்ட போர்க்கைதிகளில் சுமார் 12,000 பேர் செத்தார்கள். மலாயாத் தோட்டங்களிலிருந்து ஏற்றப்பட்ட தமிழர்களும் பர்மியரும் மற்ற ஆசியத் தொழிலாளிகளும் அதைவிடப் பல மடங்கு. காலரா முகாம் முகாமாக வாரிக்கொண்டு போனது. தாய்லாந்தின் காஞ்சனபுரி போர்க்கைதிகள் கல்லறையில் 6,982 பேரின் கல்லறைகள் வரிசையாக, புல் வெட்டி, பூச்செடி வைத்து நிற்கின்றன. நம் தோட்டத்து ஆட்களுக்கு அங்கே இடமில்லை. கதையின் நடுவில் நிற்பவர் பிரிட்டிஷ் அதிகாரிதான். இது படத்தின் பாவம் என்று சொல்லவரவில்லை. ஆனால் "உன்னைப்போல் பிறனிடத்தில் அன்புகூருவாயாக" என்ற கட்டளையை வைத்துப் படத்தைப் பார்க்கிறவர்கள், எந்தப் பிறன் திரைக்குள் வரவே இல்லை என்றும் கேட்க வேண்டும். பிலிப்பியர் 4:8-இன் உண்மை அதையும் கேட்கும். சிலிம் ரீவர், சுங்கை, பீடோர் பக்கத்துச் சபைகளுக்கு நான்கில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டுமென்றால் எங்கள் தேர்வு இந்தப் படமே. 16 வயதுக்கு மேல்.

தமிழ்ச் சரித்திரப் படங்களை யாரும் போர்ப் படம் என்று சபையில் கேள்வி கேட்பதில்லை. குடும்பத்தோடு போய்ப் பார்த்துவிட்டு வருகிறோம். 'பொன்னியின் செல்வ'னில் ஆதித்த கரிகாலன், காயப்பட்டுக் கிடக்கும் வீரபாண்டியனை, நந்தினி கெஞ்சியும் கேளாமல் தலையை வெட்டுகிறான். அந்தக் குற்றம் அவனைக் கடைசிவரை விடவில்லை. "நீ திரளான இரத்தத்தைச் சிந்தினாய், ஆலயம் கட்டவேண்டாம்" என்று தாவீதுக்குக் கிடைத்த பதிலை, 1 நாளாகமம் 22-ஐ, வாலிபர்களுக்கு விளக்க இதைவிட நல்ல வாசல் கிடைக்காது. வாள் வீச்சு அழகாக இருப்பதால் அது கொலையாகத் தெரிவதில்லை என்பதையும் அப்போதே பேசிவிடலாம்.

செய்ய வேண்டியவை

குறைந்தது இரண்டு பேர் படத்தை முன்கூட்டியே முழுதாகப் பார்க்க வேண்டும். ஒருவர் பிள்ளை பெற்றவராக இருக்கட்டும். பிறகு போர்க்காட்சிகளை மட்டும் ஒலியை அணைத்து இன்னொரு தடவை பாருங்கள். இசை போனதும் எது வீரம், எது வெறும் வெட்டு என்று பளிச்சென்று தெரியும். தாளில் மூன்று கட்டம் கீறிக்கொள்ளுங்கள்: எத்தனையாவது நிமிடம், என்ன நடக்கிறது, அங்கே நம்மிடம் என்ன கேட்கிறார்கள் (கண்ணீரா, கைதட்டலா, பயமா). மூன்றாவது கட்டம்தான் பிறகு பேச்சுக்கு உதவும்.

அனுமதி விஷயத்தை அசட்டை பண்ணாதீர்கள். வீட்டுக்கு எடுத்த நெட்ஃபிலிக்ஸ் கணக்கு வீட்டுக்கு மட்டும்தான். மண்டபத்தில் காட்ட உரிமையாளரின் அனுமதி வேறு. மலேசியாவின் 2002-ஆம் ஆண்டுத் திரைப்படத் தணிக்கைச் சட்டப்படி, பொதுவில் காட்டும் படம் தணிக்கை வாரியம் ஏற்றதாகவும் இருக்க வேண்டும். கிடைக்கவில்லை என்றால் அவரவர் வீட்டில் பார்த்துவிட்டு, மண்டபத்தில் பேச மட்டும் கூடலாம்.

ஒலி அதிகம் கெடுக்கும். இந்தப் படங்களில் பேச்சு மெல்லியது, வெடி பயங்கரம். பேச்சு கேட்கட்டும் என்று ஸ்பீக்கரைக் கூட்டிவைப்பார்கள்; முதல் குண்டுக்குத் தகரக் கூரையே அதிரும், வயதானவர்கள் நெஞ்சைப் பிடித்துக்கொள்வார்கள். படத்திலேயே சத்தமான நிமிடத்தை ஓடவிட்டு அளவை வையுங்கள், பேச்சுக்கு சப்டைட்டில் போதும். மலாய் சப்டைட்டில் கிடைக்கும். தமிழில் கிடைப்பது அரிது. அதனால் தொடங்கும்முன் பத்து நிமிடம், யார் எந்தப் பக்கம், எந்த ஆண்டு, எந்த இடம் என்று தமிழில் சொல்லிவிடுங்கள். மண்டப விளக்கைப் பாதி எரியவிடுங்கள். இருட்டில் ஆரவாரம் தானாக ஏறும்.

139 நிமிடப் படத்துக்கு அறிமுகம் 10, பேச்சு 40 சேர்த்தால் மூன்று மணி நேரம் தாண்டும். மாலை 4 மணிக்கு ஆரம்பித்தால்தான் தோட்டத்துப் பிள்ளைகள் நேரத்தோடு வீடு போய்ச் சேர முடியும். படம் முடிந்ததும் ஐந்து நிமிடம் ஒருவரும் பேச வேண்டாம். பிறகு மூன்றே கேள்வி: எங்கே கைதட்டத் தோன்றியது? எதிரி என்று காட்டப்பட்டவர்களில் யாருக்காவது பெயர் இருந்ததா? யார் திரையில் வரவே இல்லை? ஒருவருக்கு மனசாட்சி இடம்கொடுக்காமல் எழுந்துபோனால் அவரை விசுவாசத்தில் பலவீனர் என்று பேசாதீர்கள். தம் சகோதரனுக்கு இடறலாகுமென்றால் இறைச்சியே தின்னமாட்டேன் என்று 1 கொரிந்தியர் 8-இல் எழுதிய பவுல், அவர் பக்கம்தான் நிற்பார்.

'ரயில்வே மேன்' போடுகிற அன்று இன்னும் ஒரு காரியம். தகப்பனையோ மாமனையோ சயாமுக்குக் கொடுத்த குடும்பத்துப் பாட்டிமார் இன்னும் சபையில் இருக்கிறார்கள். வாரத்துக்கு முன்பே வீட்டுக்குப் போய், என்ன படம், என்ன வரும் என்று சொல்லுங்கள். அவர்களை எழுப்பிச் சாட்சி சொல்லச் சொல்லாதீர்கள், அவர்களாகப் பேசினால் கேளுங்கள். வாசல் ஓரமாக நாற்காலி போடுங்கள். அந்தக் காலத்தில் இலவசப் படம் காட்டுகிறோம் என்று கூப்பிட்டு, கொட்டகை நிறைந்ததும் கதவைப் பூட்டி, உள்ளே இருந்த ஆண்களை அப்படியே சயாம் ரயிலில் ஏற்றியதைக் கைதியாக இருந்த பிரிட்டிஷ் மருத்துவர் ஒருவர் தம் நாட்குறிப்பில் எழுதிவைத்திருக்கிறார். கொசு வந்தாலும் பரவாயில்லை, படம் ஓடும் நேரம் முழுவதும் மண்டபத்துக் கதவு இரண்டையும் திறந்தே வையுங்கள்.